கை வைக்காத எஞ்சின்

சுள்ளங்குடி தெற்குத் தெருவில் உப்பு சேவுகனுடைய நெஞ்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வெயிலில் நின்றுபோனது. நின்ற அதே நொடியில், வாசலில் ஸ்டாண்டு போட்டிருந்த அவனுடைய பழைய மொபெட், யாரும் மிதிக்காமல், சாவி அவன் இடுப்பு முடிச்சில் இருக்கும்போதே, தானாகக் கிளம்பி டுப் டுப் என்று ஓட ஆரம்பித்தது.

அன்று விடிந்ததும் இரண்டு மூட்டை உப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போனவன், மூட்டையைப் பிரிக்காமலே திரும்பி வந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, பெண்டாட்டி பஞ்சவர்ணம் நீட்டிய சொம்பில் பாதியைக் குடித்துவிட்டு, "கண்மாய்க்கரை ஏத்தத்துல வண்டிக்கு மூச்சு முட்டிருச்சு பஞ்சு, நான்தான் மிதிச்சே கொண்டாந்து சேத்தேன்" என்று சொன்னான். அந்த மொபெட்டுக்குச் சைக்கிளுக்கு இருப்பதுபோலப் பெடல் உண்டு. ஏற்றம் வந்தால் எஞ்சினுக்குத் துணையாகத் தானும் சேர்ந்து மிதிப்பது அவன் பழக்கம். அது மட்டும் ஒத்தையில எப்புடி இழுக்கும் என்று கேட்பான். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவாக்கில் சாய்ந்தான், சொம்பு உருண்டது, வெளியே வண்டி கிளம்பியது. பஞ்சவர்ணத்துக்கு அலறக் கூட வரவில்லை. வாயைத் திறந்தபடியே புருஷனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார், நாடி இல்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், சத்தம் இல்லை. ஆனால் உடம்பு சூடாக இருந்தது, வாசலில் வண்டி ஒரு தடவை டுப் என்றால் அவன் மார்பு ஒரு தடவை ஏறி இறங்கியது. எந்த மொபெட்டும் அத்தனை நிதானமாக ஓடி அந்தத் தெரு கேட்டதில்லை. நர்ஸம்மா ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு எழுந்து வாசலுக்குப் போய்க் குழாயைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக் கேட்டுவிட்டு, "இங்க இருக்கு. நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லி, வெயிலில் நிற்க வேண்டாம், நிழலில் நிறுத்துங்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தெருவுக்கு அதில் ஆச்சரியப்பட நேரமில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று அவர்களுக்கு இருந்தது. மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்கக் கூடாது, காப்புக் கட்டிய பிறகு பிணம் விழுந்தால் அந்த வருஷத்துத் திருவிழாவே இல்லை. ஆகவே சேவுகன் பிணமா ஆளா என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். ஊர்த் தலைவரான அம்பலம் பெரியகருப்பன், மீசையைத் தடவிக்கொண்டு கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவே நின்று நெடுநேரம் கேட்டார், பிறகு, "வண்டி ஓடுற வரைக்கும் சேவுகன் ஆளு. நின்னுச்சுன்னா அப்பப் பார்த்துக்கிருவோம்" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. பஞ்சவர்ணத்தின் கழுத்துத் தாலியை என்ன செய்வது என்று குசுகுசுத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு பெட்ரோல் வாங்கக் காசு திரட்டப் போனார்கள்.

அன்றிலிருந்து சுள்ளங்குடி அந்தச் சத்தத்தோடு வாழப் பழகியது. ஓர் ஊர் எதற்கு வேண்டுமானாலும் பழகிவிடும், அதற்கு ஒரு முறை வைத்துவிட்டால் போதும். வீட்டுக்கு ஒரு நாள் என்று பெட்ரோல் முறை வைத்தார்கள். டேங்க் வாயைத் திறந்து ஊற்றுவதற்கு முன் காலைக் கழுவ வேண்டும் என்று யாரோ ஆரம்பித்து வைக்க, அதுவும் முறையானது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், ஹெட்லைட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள், கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைத் தூங்க வைக்க வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள், முளைப்பாரிக் கும்மிக்குப் பழகிய பெண்கள் தங்களை அறியாமலே அந்த டுப் டுப்புக்குக் கை தட்டினார்கள், சண்டை போட்டவர்கள் கூட அது கொஞ்சம் தடுமாறினால் பேச்சை நிறுத்திவிட்டு அது சீரான பிறகு விட்ட இடத்திலிருந்து திட்டினார்கள். அந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலோடு கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அளவு ஒரு மூடி. ஆனால் சேவுகன் மேல் ஊருக்குப் பிரியம் அதிகம், அளந்து ஊற்றினால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்று ஒவ்வொரு வீடும் தன் பங்குக்கு ஒரு மூடி கூட்டி ஊற்றியது, கோயில் விளக்கு எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றியவர்களும் உண்டு. தெரு பூராவும் வெள்ளைப் புகை மண்டி, வெளுத்த துணியெல்லாம் எண்ணெய் நாற்றம் அடித்தது, யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பஞ்சவர்ணம் மட்டும் பழகவில்லை. அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து, ஒரு கையைப் புருஷன் மார்பில் வைத்தபடியே சோறு தின்றாள், வைத்தபடியே கண்ணசந்தாள். ஒவ்வொரு டுப்புக்கும் பிறகு வரும் அந்தச் சின்ன அமைதியில் அவளுக்கு உயிர் போய் வந்தது. அடுத்தது வருமா, வராதா? வந்தது. அடுத்தது? இப்படி ஒரு பயத்தை எத்தனை காலம் ஒரு மனுஷி சுமப்பாள் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. சேவுகன் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்ததையும், தோள் எலும்பு தெரிய ஆரம்பித்ததையும் அவள்தான் பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் சத்தம் மாறியது. டுப் என்பதோடு கூடவே டக்கு என்று ஒன்று, பாத்திரத்துக்குள் ஆணி ஆடுவதுபோல. அவள் கைக்கு அடியில், சேவுகன் விலாவுக்குள்ளும் அதே டக்கு கேட்டது. தெரு முழுக்க வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றது.

மெக்கானிக் சவரிமுத்து பஸ் ஸ்டாப்பு ஓரத்தில் கடை வைத்திருப்பவன், சேவுகனை அண்ணே என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுவான். அவன் எஞ்சினில் காது வைத்துக் கேட்டான், பிறகு சேவுகன் விலாவில் காது வைத்துக் கேட்டான்.

"பிஸ்டன் அக்கா. தேஞ்சு ஆடுது. இப்புடியே விட்டா உள்ளயே ஒடைஞ்சு பிடிச்சுக்கும். புதுசு மாத்தணும்."

"மாத்துறதுன்னா?"

"நிறுத்தித்தான் மாத்தணும்."

அவள் அவனையே பார்த்தாள். நிறுத்தாவிட்டால் உடைந்து நிற்கும், நிறுத்தினால் இப்போதே நிற்கும். அம்பலமோ, காப்புக் கட்டுவதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"வெரசா மாத்திருவேன்க்கா," என்றான் சவரிமுத்து. "நர்ஸம்மா கிட்டயும் கேட்டுட்டேன், கொஞ்ச நேரம் தாங்குவாருன்னு சொல்லுது. ஆனா சரியான பிஸ்டன் கையில ரெடியா இருக்கணும். அதுலதான் சிக்கலு. பிஸ்டன்ல சைஸ் உண்டு. கம்பெனியில இருந்து வந்தது ஸ்டாண்டர்டு. தேஞ்சதுக்கப்புறம் எஞ்சினைப் பிரிச்சு உள்சுவத்தைக் கடைஞ்சுருந்தா, அதுக்குத் தக்கன முதல் ஓவர்சைஸ், இன்னொரு தடவை கடைஞ்சா ரெண்டாவது. ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் மயிரிழைதான் வித்தியாசம், கண்ணால பார்த்தா ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனா சின்னதைப் போட்டா இப்ப ஆடுற மாதிரி ஆடும், பெருசைப் போட்டா எறங்கவே எறங்காது. எது உள்ள இருக்குன்னு பிஸ்டன் தலையில நம்பர் போட்டிருக்கும். அதைத் தொறந்தாத்தான் பார்க்க முடியும்."

இதைக் கேட்டுக் கூட்டம் கசமுசா என்றது. அம்பலத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னடா சவரி, தெரியாதவன் மாதிரிப் பேசுற? சேவுகன் வண்டி கை வைக்காத எஞ்சின்டா!"

அது உண்மையில் ஊரறிந்த சங்கதி. சேவுகனுக்கு நிலம் இல்லை, பதவி இல்லை, கூட்டத்தில் பேசத் தெரியாது. உப்பு விற்பவனை ஊரில் யார் உட்கார வைத்துப் பேசப் போகிறார்கள்? ஆனால் டீக்கடையில் வண்டிப் பேச்சு வந்தால் மட்டும் அவன் முகம் மாறிவிடும். வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை எஞ்சினில் கை வைத்ததில்லை, ஒரு போல்ட்டு திருகியதில்லை, நான் பார்த்துக்கொள்ளும் பக்குவம் அப்படி என்பான். அம்பலமே வெளியூர்க்காரர்களிடம் அவனைக் காட்டி, "இவன்தான் கை வைக்காத எஞ்சின்காரன்" என்று சொல்லி முதுகில் தட்டுவார். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வரும் நடையே வேறாக இருக்கும்.

"ஸ்டாண்டர்டுதான்," என்றாள் பஞ்சவர்ணம். "அவுக பொய் சொல்ல மாட்டாக."

மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அவளும் சவரிமுத்துவும் போனார்கள். கடைக்காரர் கவுண்டரில் கையை நீட்டி, எல்லோரிடமும் கேட்பதையே கேட்டார்: "பழசு எங்க?"

"ஓடிக்கிட்டிருக்கு," என்றான் சவரிமுத்து.

"பழசைப் பார்க்காம பிஸ்டன் குடுக்கிறதில்லப்பா. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கம்பியில மாட்டுற பின்னுக்கு உள்ள ஓட்டை ஒன்னுல மேல இருக்கும், ஒன்னுல கீழ இருக்கும். சைடுல ஜன்னல் மாதிரி வெட்டியிருக்கிற இடம் மாறிப்போகும். அப்புறம் எங்கிட்டத்தான் சண்டைக்கு வருவீக. நிறுத்திக் கழட்டிக் கொண்டாங்க."

"நிறுத்துனா எங்க வீட்டுக்காரவுக செத்துருவாக," என்றாள் பஞ்சவர்ணம்.

கடைக்காரர் காதைச் சொறிந்துகொண்டார். "அப்ப நிறுத்தாதீக," என்று சொல்லிவிட்டு, வண்டி எந்த வருஷத்தியது, எந்த மாடல் என்று விசாரித்து உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் திறந்து பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளை உலோகக் கிண்ணம், கவிழ்த்து வைத்த டம்ளர் அளவு கூட இல்லை. இதுவா, இவ்வளவுதானா என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் தலையில் ஓர் அம்புக்குறி இருந்தது. அதை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பஸ் ஏறுவதற்கு முன் சவரிமுத்து, கடையில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி ஒரு நடை திரும்பப் போய் வந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாற்றும் நாளன்று காலையில் ஊரே தெருவில் நின்றது. கட்டிலைத் தூக்கி வண்டிக்குப் பக்கத்தில் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து அம்பலம் கேட்டார், "அந்த அம்புக்குறி என்னது?"

"அது சைலன்சர் பக்கம் பார்த்து இருக்கணும் ஐயா. மாத்திப் போட்டா ரிங்கு ஓட்டையில மாட்டி ஒடைஞ்சுரும்."

"சைலன்சர் எந்தப் பக்கம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியின் மூஞ்சி தெற்கே பார்த்து நின்றது, சைலன்சர் குழாய் எஞ்சினுக்கு முன்னால் தெற்கே பார்த்துத்தான் புறப்பட்டது. கூட்டத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓர் ஆளின் நெஞ்சில் வைக்கிற அம்பை எமன் திசைக்குக் காட்டி வைப்பதா? அம்பை மாற்றி வை என்று பாதிப் பேர், வைக்க மாட்டேன் என்று சவரிமுத்து. கடைசியில் நாலைந்து ஆம்பளைகள் ஓடுகிற வண்டியை ஸ்டாண்டோடு அப்படியே அலுங்காமல் தூக்கி, மூஞ்சியைக் கிழக்கே திருப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"அக்கா, பிளக் வயரை எடுக்கப் போறேன். நிக்கும்," என்றான் சவரிமுத்து.

பஞ்சவர்ணம் புருஷன் மார்பில் கையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். டுப். அடுத்த டுப்புக்கு முன்னால் வயரை உருவினான். டுப். அவள் கண்ணைத் திறந்தாள். டுப் என்றது மறுபடியும். வயர் அவன் கையில் தொங்கியது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினான், டுப். எஞ்சின் தலையின் போல்ட்டுகளைக் கழற்றித் தலையையே எடுத்துக் கீழே வைத்தான், டுப் என்றது. சவரிமுத்து உள்ளே குனிந்து பார்த்தான், பார்த்தவன் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா," என்றான். "உள்ள பிஸ்டனே இல்ல."

அம்பலம் பார்த்தார், நர்ஸம்மா பார்த்தார், பஞ்சவர்ணமும் ஒரு கையை மார்பிலிருந்து எடுக்காமல் எட்டிப் பார்த்தாள். பிஸ்டன் இருக்க வேண்டிய குழலில் ஒன்றுமில்லை. கீழே, கை மாதிரி ஒரு கம்பி, எதையும் பிடிக்காமல், வெறும் காற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது, கீழே போனது. அடியில் உருகி உறைந்த வெள்ளைக் கட்டி ஒன்று கிடந்தது. சவரிமுத்து அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். சூட்டில் உருகிப்போன பிஸ்டன். அன்றைக்கு ஏற்றத்திலேயே உருகியிருக்க வேண்டும். அப்படியானால் இத்தனை நாளும் வண்டி எதனால் ஓடியது?

பஞ்சவர்ணம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேலே வருகிறது, கைக்கு அடியில் மார்பு ஏறுகிறது. கம்பி இறங்குகிறது, மார்பு இறங்குகிறது. இத்தனை நாளும் காதால் கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது கண்ணால் பார்க்கிறாள். மார்பு முந்திக்கொண்டது. ஒரு துளி நேரம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் அசைந்தது சேவுகன் மார்பு, பிறகுதான் கம்பி.

"இது அவுகள ஓட்டல," என்றாள். "அவுகதான் இதை ஓட்டிக்கிட்டிருக்காக. ஏத்தத்துல மிதிக்கிற மாதிரி மிதிச்சுக்கிட்டே இருக்காக. நாம ஊத்துனது ஒன்னும் அவுகளுக்குப் போகல, ஆத்தாடி, இத்தனை நாளும் நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்துட்டேனே!"

அவள் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். இந்த மனுஷன் வண்டியை ஏற்றத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கலாம். வரவில்லை. வீட்டில் கொண்டுவந்து சேர்த்த பிறகும் இறக்கி வைக்கவில்லை. நின்றுபோன எஞ்சினுக்குள் தன் நெஞ்சைக் கொண்டுபோய் வைத்துச் சுமக்கிறவனைப் பார்த்து, நல்லா ஓடுது, நல்லா ஓடுது என்று ஊரே கும்மி தட்டியிருக்கிறது. டக்கு டக்கு என்று கேட்டது தேய்மானம் இல்லை, அவன் களைத்துப்போன சத்தம்.

"வண்டிக்குச் சொந்தமா ஓட ஒரு பிஸ்டனைக் குடுத்துட்டா அவுக விட்டுருவாக," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போடு சவரி."

அவன் பெட்டியிலிருந்த ஸ்டாண்டர்டு பிஸ்டனை எடுத்தான். குழலைக் கழற்றி எடுத்து, உள்ளே உருகி ஒட்டியிருந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்தான். ஆனால் பார்த்து ஒப்பிட பழையது இல்லை, நம்பர் உருகிப்போய்விட்டது. அவன் பிஸ்டனைப் போடாமல், அதைச் சுற்றி மாட்டியிருந்த, ஓரிடத்தில் வெட்டுவிட்ட ரிங்கை மட்டும் கழற்றிக் குழலுக்குள் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ரிங்கின் இரண்டு வாய்க்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி, குழலுக்கு அது சின்னது.

"தப்பா நெனச்சுக்காதீக," என்று சொல்லித் தன் பைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தான். மதுரையில் திரும்பப் போய் வாங்கி வந்தது அதுதான். முதல் ஓவர்சைஸ் ரிங்கை வைத்துப் பார்த்தான், இடைவெளி குறைந்ததே தவிர அடையவில்லை. அடுத்ததை வைத்தான். வாய் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், ஒரு தாள் மட்டும் நுழைகிற அளவில் நின்றன.

"ரெண்டாவது ஓவர்சைஸ்," என்றான் மெதுவாக. "இந்த எஞ்சினை ரெண்டு தடவை பிரிச்சுக் கடைஞ்சுருக்கு."

சுள்ளங்குடி அன்றைக்குத்தான் உண்மையிலேயே அதிர்ந்துபோனது. நெஞ்சு நின்றவன் மூச்சு விட்டதற்கும், வண்டி தானாக ஓடியதற்கும், உள்ளே ஒன்றுமே இல்லாமல் அது ஓடிக்கொண்டிருப்பதற்கும் அசையாத ஊர், ரெண்டு தடவையா, ரெண்டு தடவையா என்று வாயில் கை வைத்துக்கொண்டது. அம்பலம் வாசலில் கிடந்த உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "எத்தனை ஊருக்காரன்கிட்ட சொல்லியிருப்பேன்," என்றார். "எத்தனை பேருகிட்ட!"

பஞ்சவர்ணத்துக்கு முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் சேவுகன் சில நாள் உப்பைத் தலையில் சுமந்து நடந்தே விற்றான், சர்க்கரைக்கு நடந்தா நல்லதாம் பஞ்சு என்றான். பின்னொரு தடவை வண்டியைச் சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் கொடுத்ததாகச் சொல்லி, ஒரு வாரம் பாதம் வெடிக்க நடந்தான். அவள் வெந்நீர் வைத்து ஊற்றிவிட்டாள். ஊர் அவனை நிமிர்ந்து பார்த்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், அந்த வார்த்தையைக் காப்பாற்ற அவன் கட்டின பெண்டாட்டியிடம் கூட வாய் திறக்காமல் நடந்திருக்கிறான். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"அதை அப்புறம் பேசிக்கிருவோம்," என்றாள். "போடு."

"கம்பி ஆடிக்கிட்டே இருக்குக்கா. ஓட்டைக்குள்ள பின்னை நுழைச்சு லாக்கு மாட்டணும். அது ஒரு நிமிஷம் நிக்கணும்."

நிற்க வேண்டுமென்றால் அவன் நிறுத்த வேண்டும். ஒரு முறை நிறுத்தினால் திரும்ப வருவானா என்பதை எந்த நர்ஸம்மாவாலும் சொல்ல முடியாது. பஞ்சவர்ணம் குனிந்து புருஷன் காதோடு வாய் வைத்தாள். வாழ்நாள் முழுக்க அவள் அவனிடம் கேட்டதெல்லாம் வெரசா வாங்க, இருட்டுறதுக்குள்ள வாங்க என்பதுதான்.

"இந்தாங்க," என்றாள். "வீடு வந்துருச்சு. எறக்கி வைங்க. மிதிச்சது போதும். கொஞ்சம் நில்லுங்க."

கம்பி மேலே வந்து நின்றது. அவள் கைக்கு அடியில் மார்பும் நின்றது.

சவரிமுத்துவின் விரல்கள் ஓடின. அம்பைக் கிழக்கே பார்க்கத் திருப்பினான், பின்னை நுழைத்தான், லாக்கை மாட்டினான், ரிங்கை அமுக்கிக் குழலை இறக்கினான், இன்னொருவர் கை வேண்டும் என்றபோது அவளே ஒரு கையால் குழலைப் பிடித்தாள், கை கரியானது, தலையை வைத்து போல்ட்டுகளை முடுக்கினான், வயரை மாட்டினான், குழாயைச் செருகினான். தெருவில் ஒரு குழந்தை கூட அழவில்லை. பெடலை மிதித்தான், எஞ்சின் இருமிவிட்டுச் சும்மா இருந்தது. மறுபடியும் மிதித்தான். சேவுகனின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

பஞ்சவர்ணம் அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, சவரிமுத்துவை விலக்கிவிட்டு, சேலையை வரிந்துகொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பின்னால் மட்டுமே உட்கார்ந்த வண்டி. சாவியைத் திருகினாள், இரண்டு காலாலும் மிதித்தாள், ஏற்றத்தில் அவன் மிதிப்பதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள், அப்படியே மிதித்தாள், மூச்சு முட்ட மிதித்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. புதுப் பிஸ்டனின் சத்தம் படபடவென்று, எல்லா மொபெட்டையும்போல அவசரமாக, யாருடைய நெஞ்சைப்போலவும் இல்லாமல் ஓடியது.

கட்டிலில் அசைவில்லை.

"ஓடிருச்சு தாயி," என்று அம்பலம் சொன்னார், பிறகு கட்டிலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் இறங்கவில்லை. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை, அவன் பக்கத்தில் மூச்சு விட்டாலும் கேட்காது. இத்தனை நாளும் ஊரில் யாரும் துணியாத ஒரு காரியத்தை அவள் செய்தாள். கையை நீட்டிச் சாவியை அணைத்தாள். வண்டி நல்ல பிள்ளையாக உடனே நின்றது.

தெற்குத் தெருவில் சத்தமே இல்லை. அந்த அமைதியைக் கேட்டு ஊர் நடுங்கியது. பஞ்சவர்ணம் காதை மட்டும் தீட்டிக்கொண்டு வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் கட்டில் கயிறு கிறீச்சிட்டது. பிறகு ஓர் இருமல். நர்ஸம்மா ஓடிப்போய் நெஞ்சில் குழாயை வைத்தார், வைத்தவர் நிமிர்ந்து, பஞ்சவர்ணத்தைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டி ஆட்டி அழுதார்.

சேவுகன் கண்ணைத் திறந்து முகட்டைத் தேடினான், வானம் இருந்தது. சுற்றி ஊரே நின்றது. பக்கத்தில் வண்டி, தரையில் ஸ்பானர்கள், பழைய போல்ட்டுகள், எண்ணெய்த் துணி. அவன் முகத்தில் சாவைக் கண்ட பயம் ஒன்றும் தெரியவில்லை, அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. அம்பலத்தைப் பார்த்தான், சவரிமுத்துவைப் பார்த்தான், கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்துச் சன்னமாகக் கேட்டான்.

"எஞ்சினைப் பிரிச்சுட்டாகளா பஞ்சு?"

அம்பலம் பக்கத்தில் கிடந்த காலி அட்டைப்பெட்டியை உப்பு மூட்டைக்குப் பின்னால் தள்ளினார்.

பஞ்சவர்ணம் கரியான இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ச்சே, யாரு கை வைப்பா?" என்றாள். "போல்ட்டுல தூசி இருந்துச்சுன்னு சவரி தொடைச்சுக்கிட்டு இருந்தான். அப்புடியேதான் இருக்கு, நீங்க தூங்குங்க."